மண்ணுக்குத் திருப்பிக் கொடுத்த பொத்தான்

1

அன்னிக்கு நிலத்தில் இருந்தவங்க:

என் சம்சாரம் கஸ்தூரி. சக்கர நாற்காலியில். ரெண்டு ஸ்வெட்டர், மேலே ஒரு கம்பளி.

எங்க பொண்ணு ரேவதி. நாற்காலியைப் பிடிச்சுக்கினு நின்னா. ஆபீஸுக்கு லீவு போட்டு வந்திருந்தா.

பீட்டர். எங்க பக்கத்து வீட்டுக்காரர், ரிட்டயர் ஆன பஸ் டிரைவர். மண்வெட்டி அவருது.

நிலத்துக்காரம்மா. வேலிக்கு அந்தாண்டயே நின்னாங்க.

நான்.

பொத்தான் கஸ்தூரி மடியில், பஞ்சு வச்ச சின்ன டப்பாவில் இருந்தது. மண்ணில் எடுத்ததை மண்ணுக்கே கொடுக்க வந்திருந்தோம்.

இது இங்கிலாந்தில் நடந்தது. ஆந்திரா எல்லையில் எங்க சொந்த ஊரு நகரியில் வேற மாதிரி பேசிக்கிறாங்க. போன வாரம் மச்சான் போன் பண்ணினான்.

“மாமா, ஒண்ணு சொன்னா கோச்சுக்காதீங்க.”

“சொல்லு.”

“நீங்க அங்க புதையல் எடுத்துட்டீங்களாம். அதுக்கு அக்காவ காவு குடுத்துட்டீங்களாம். டீக்கடையில பேசிக்கிறாங்க.”

“நீ இன்னா சொன்ன?”

“நான் இன்னாத்த சொல்றது? டீய குடிச்சிட்டு வந்துட்டேன்.”

வர்ற மாசம் கஸ்தூரிக்கு முதல் வருஷத் திதி. அதுக்குள்ள நடந்ததை நடந்தபடி எழுதிடறேன். நான் படிச்சது எட்டாவது, அதுவும் தெலுங்கு மீடியம். தமிழ் எழுத்து சினிமா போஸ்டர் பார்த்துக் கத்துக்கினது. தப்பு இருந்தா திருத்திப் படிச்சுக்குங்க.

2

நகரியில் பவர்லூம் ஓட்டினேன். லுங்கி, துண்டு. நூல் விலை ஏறிக்கினே போச்சு, கரண்ட் நின்னு நின்னு வந்துது, ஒரு நாள் முதலாளி தறியைக் கழட்டி எடைக்குப் போட்டார். ரயில் ஏறி சென்னைக்குப் போனேன். ஓட்டல்ல தட்டு எடுத்தேன், மாவு ஆட்டினேன், தோசை மாஸ்டர் ஆனேன். அப்ப வெளிநாட்டுல தோசைக் கல்லாண்ட நிக்க ஆள் கேட்டுக்கினு இருந்தாங்க. ஏஜெண்ட் ஒருத்தர் அனுப்பினார். லண்டன் இல்ல. லண்டன்ல இருந்து ரயில்ல ரெண்டு மணி நேரம் தள்ளி ஒரு சின்ன ஊரு.

கஸ்தூரியும் ரேவதியும் நாலு வருஷம் கழிச்சு வந்தாங்க. ரேவதிக்கு அப்ப ஏழு வயசு. விமானத்துல இருந்து இறங்கினவ என்னைப் பார்த்து, “அம்மா, நைனா இவரா?”ன்னு கேட்டா. ரெண்டு மாசத்துல ஸ்கூல் பாஷை பேசினா. ரெண்டு வருஷத்துல வீட்டுலயும் அதையே பேசினா. கஸ்தூரி தமிழ்ல கேப்பா, அவ இங்கிலீஷ்ல பதில் சொல்லுவா. சண்டைன்னா மட்டும் தமிழ் வரும். அப்புறம் சண்டையும் நின்னுது. காலேஜ், வேலை, வேற ஊரு. ஞாயித்துக்கிழமை போன் வரும்.

“துன்னியாமே?” கஸ்தூரி கேப்பா.

“ஆச்சும்மா.”

“இன்னா துன்ன?”

“ஏதோ துன்னேன்மா.”

அவ்வளவுதான் பேச்சு. போனை வச்சப்புறம் கஸ்தூரி கொஞ்ச நேரம் போனைப் பார்த்துக்கினே இருப்பா.

3

தோசைக் கல்லாண்ட நின்னு நின்னு குதிகால் போச்சு. பாதி நாள் வேலைன்னு ஆச்சு. மீதி நேரம் சும்மா இருக்கத் தெரியல. அப்பத்தான் பீட்டர் கூட்டிக்கினு போனார்.

அவர்கிட்ட ஒரு மிஷின் இருக்குது. கைத்தடி மாதிரி, அடியில் ஒரு தட்டு. மண்ணுக்கு மேல ஆட்டிக்கினே நடக்கணும். கீழ உலோகம் இருந்தா காதுல சத்தம் கேக்கும். நிலத்துக்காரங்க சம்மதம் வாங்கிக்கினுதான் இறங்கணும். இந்த ஊர்ல கிழவங்க நிறைய பேருக்கு இதுதான் பொழுதுபோக்கு. பீட்டர் இருபது வருஷமா நடக்கிறார். வீட்டுல டப்பா டப்பாவா ஆணி, லாடம், செல்லாத காசு.

எனக்கும் ஒரு பழைய மிஷினைக் கொடுத்தார். நாலாவது மாசம், கோதுமை அறுத்து உழுது போட்டிருந்த நிலம். அன்னிக்கு நல்ல குளிர். சத்தம் கேட்டுது. தோண்டினேன். ஒரு சாண் ஆழத்துல பச்சையா ஒரு வில்லை. காசுன்னு நெனச்சேன். பின்னால சின்னதா ஒரு வளையம், வளைஞ்சு போய் இருந்தது.

பீட்டர் வாங்கிப் பார்த்தார். சேத்துல முட்டி போட்டார். 

“இது பட்டாளத்துப் பொத்தான். இந்தப் பக்கத்து ஆளுங்களை வச்சு ஒரு சின்னப் படை கட்டினாங்க. கொஞ்ச காலத்துல கலைச்சுட்டாங்க. இந்தப் பொத்தானைப் படத்துல பார்த்திருக்கேன். கையில பார்ப்பேன்னு நெனைக்கல.”

அவர் இருபது வருஷமாத் தேடினது. நான் நடந்தது நாலு மாசம். அவர் முகத்துல பொறாமை இருக்குதான்னு பார்த்தேன். இல்ல.

வீட்டுக்கு வந்தேன். கஸ்தூரி வாசல்லயே நிறுத்தினா.

“கையில இன்னா?”

“பொத்தான்.”

“யாருது?”

“எப்பவோ செத்துப்போன சிப்பாயுது.”

“எங்க இருந்துது?”

“மண்ணுல.”

“மண்ணுல கெடந்தத கேக்காம வூட்டுக்குக் கொண்ணாந்தீங்களா ரேவதி நைனா?”

ஊர்ல இருக்கிறவங்களுக்கு நான் இதை விளக்க வேணாம். மலைப்பாறையில பாம்பு செதுக்கியிருந்தா கீழ பொருள் இருக்குதுன்னு தோண்டற ஆளுங்க நம்ம பக்கத்துல உண்டு. பொருள் எடுத்தவன் வீட்டுல ஒரு உசுரு போவும், அது காவு. நான் நம்பினது இல்ல. கஸ்தூரி நம்பினா. அவளுக்குக் காரணம் இருந்துது.

அவ சித்தப்பா விஜயபுரத்தாண்ட இருந்தார். கூலிக்கு ஏர் ஓட்டினவர். ரொம்ப நாள் அலைஞ்சு ரெண்டு ஏக்கர் பட்டா வாங்கினார். முதல் தடவை வேர்க்கடலைக்கு உழுதப்ப ஏர்ல ஒரு சொம்பு மாட்டிச்சு. உள்ள செப்புக்காசு. சந்தோஷமா புத்தூர்ல பாத்திரக்கடையில எடைக்குப் போட்டார். அந்தப் போகம் கடலை பிடுங்கறதுக்குள்ள அவர் பொண்ணைப் பாம்பு கடிச்சுது. கஸ்தூரி வயசுதான் அந்தப் பொண்ணுக்கும். ரெண்டு பேரும் ஒரே பாயில படுப்பாங்களாம். காரியம் முடிஞ்சதும் சித்தப்பா சொம்பைத் திருப்பி வாங்கப் புத்தூர் ஓடினார். உருக்கிட்டாங்க. திருப்பிக் கொடுக்கப் பொருள் இல்ல. அதுக்கப்புறம் அந்த ரெண்டு ஏக்கர்ல அவர் ஏர் பூட்டவே இல்லையாம்.

கஸ்தூரி எலுமிச்சம்பழத்தை எடுத்தா. பொத்தானைச் சுத்தினா, என்னைச் சுத்தினா, அறுத்துத் தெருவில் வீசினா. எதிர்வீட்டு வெள்ளைக்காரம்மா ஜன்னல்ல இருந்து பார்த்துக்கினு இருந்தாங்க. எனக்குச் சிரிப்பு வந்துது. அவ சிரிக்கல.

4

அந்தக் குளிர்காலம் பூரா பொத்தானைச் சுத்தம் பண்ணினேன். பீட்டர் கண்டிஷனா சொல்லிட்டார். தேய்க்கக் கூடாது. மருந்து கூடாது. உப்பு இல்லாத தண்ணியில ஊற வச்சு, மர ஊசியால பச்சையைப் பொட்டு பொட்டா எடுக்கணும். எனக்கு வேலியில் பிடுங்கின முள்ளு சரியா வந்துது.

கஸ்தூரி ரெண்டு நாள் பார்த்தா. மூணாம் நாள் பொறுக்கல.

“குடுங்க இப்படி. புளி போட்டு நாலு தேய் தேச்சா பளபளன்னு ஆயிடும். இத்த போய் முள்ளால குத்திக்கினு.”

“தொடாத. புளி பட்டா மேல இருக்கிற தங்கப் பூச்சு போயிடும். பீட்டர் அழுதுடுவாரு.”

“பொத்தானுக்கு அழுவாரா? பொண்டாட்டி செத்தப்ப அழுதாரா?”

“அத நான் கேக்கல.”

“கேட்டிருக்கணும் இல்ல. பக்கத்து வூடு.”

சொல்லிட்டு எதிர்ல உட்கார்ந்தா. என் கையில் இருந்த முள்ளை வாங்கினா. சின்ன வயசுல இருந்து தறியில் அறுந்த இழையைப் பிணைச்ச கை. என் கண்ணு மங்கிடுச்சு, அவளுது மங்கல. ஓரம் பூரா அவ எடுத்ததுதான். முதல்ல ஒரு இலை தெரிஞ்சுது. அப்புறம் கிரீடம். அப்புறம் எழுத்து. எழுத்துக் குழியில் தங்கம் கொஞ்சம் ஒட்டிக்கினு இருந்துது. பின்னாடி வளையம் இடது பக்கம் சாஞ்சிருந்தது. நிமித்தினா ஒடியும்னு அப்படியே விட்டோம். கடைசியில் மெழுகு பூசினோம்.

நான் காலையில போய் ராத்திரி வர்றவன். கல்யாணம் ஆன நாள் முதலா நாங்க எதிர் எதிரா உட்கார்ந்து ஒரே வேலையைச் செஞ்சது அப்பத்தான். பெரிசா ஒண்ணும் பேசல. “வெளிச்சத்த இந்தாண்ட நகத்துங்க.” “தண்ணி மாத்தணும்.” இதுதான் பேச்சு. காவைப் பத்தி அப்ப அவ சொல்லல. எலுமிச்சம்பழத்தோட அடங்கிடுச்சுன்னு நெனச்சிருப்பா.

பீட்டர் பொத்தானைப் பார்த்துட்டு என் கையைப் பிடிச்சுக் குலுக்கினார். நான் கஸ்தூரியைக் காட்டினேன். அவ கையையும் குலுக்கினார். அவ உடனே சமையல்கட்டுக்குள்ள போயிட்டா.

5

வசந்த காலத்துல இந்த ஊர் மியூசியத்துல பொத்தானைக் கேட்டாங்க. ஒரு வருஷத்துக்குக் காட்சிக்கு வைக்கிறோம், பொருள் உங்களுதுதான், கையெழுத்துப் போடுங்கன்னாங்க. போட்டேன். நிலத்துக்காரம்மாவும் போட்டாங்க. கண்ணாடிப் பெட்டிக்குக் கீழ என் பேரை எழுதியிருந்தாங்க. ரேவதி வந்து போட்டோ எடுத்தா. “எங்க நைனா கண்டுபிடிச்சது”ன்னு சிநேகிதங்களுக்கு அனுப்பினா. தோசை மாஸ்டர் பொண்ணுன்னு அவ யாருக்கும் சொன்னது இல்ல. இதைச் சொன்னா.

கோடையில் கஸ்தூரிக்கு வயித்து வலி வந்துது. சோத்தை ஒதுக்கினா. கண்ணு மஞ்சளாச்சு. படம் எடுத்தாங்க, ரத்தம் எடுத்தாங்க. பெரிய டாக்டர் கூப்பிட்டார். எங்களுக்காக மொழிபெயர்க்க ஒரு இலங்கைத் தமிழ் அம்மாவை வரச் சொல்லியிருந்தாங்க. நல்லவங்க. மெதுவா, மரியாதையா சொன்னாங்க.

“உங்களுக்குச் சத்திர சிகிச்சை செய்ய வேணும், அம்மா.”

கஸ்தூரி என் பக்கம் திரும்பினா. “சத்திரத்துக்கு எதுக்குப் போவணும்?”

“ஆபரேஷன்மா,” ரேவதி சொன்னா.

கணையத்துல கட்டி. இப்ப சின்னது. இப்ப எடுத்தா எடுத்துடலாம். நாள் போனா பக்கத்து ரத்தக் குழாய்ல ஒட்டிக்கும், பரவும், அப்புறம் கத்தி வைக்க முடியாது. டாக்டர் சொன்னது இவ்வளவுதான். மூணு வாரத்துல தேதி கொடுத்தார்.

கஸ்தூரி எல்லாத்தையும் கேட்டா. பேனாவைக் கொடுத்தாங்க. வாங்கல.

“எனக்கு வாணாம்.”

6

பயம்னு நெனச்சோம். ரேவதி லீவு போட்டு வந்து தங்கினா. கெஞ்சினா, கத்தினா. எல்லாம் தமிழ்ல. கஸ்தூரி காய் நறுக்கிக்கினே கேட்டுக்கினு இருப்பா. ரெண்டாவது வாரம் வாயைத் திறந்தா.

“அந்தப் பொத்தான மண்ணுலயே போட்டுட்டு வாங்க. அப்புறம் ஆஸ்பத்திரிக்கு வரேன்.”

மியூசியத்துக்குப் போனோம். கவுண்ட்டர்ல இருந்த பையன் நல்லபடியாத்தான் பேசினான். முன்கூட்டி வாங்கணும்னா எழுதிக் கொடுக்கணும், கமிட்டி கூடணும், இப்ப விடுமுறைக் காலம், பொறுப்புல இருக்கிற மேடம் ஊர்ல இல்ல. எதுக்கு வேணும்னு கேட்டான். ரேவதியால சொல்ல முடியல. “குடும்பக் காரணம்”னு எழுதினா. மூணு வாரம் போச்சு. முதல் தேதியும் போச்சு.

அப்ப ரேவதிதான் யோசனை சொன்னா. “நைனா, பீட்டர்கிட்ட பொத்தான் நிறைய இருக்குது இல்ல. அதே சைஸ்ல ஒண்ணு வாங்கிப் புதைச்சிடலாம். அம்மாவுக்கு நிம்மதி ஆயிடும்.”

எனக்கும் வேற வழி தெரியல. பீட்டர் தேடி ஒண்ணு எடுத்தார். கிரீடம் கூட இருந்தது. “மன்னிக்கணும்”னு சொல்லிக் கொடுத்தார். யார்கிட்ட சொன்னார்னு தெரியல.

கஸ்தூரி கட்டில்ல உட்கார்ந்திருந்தா. ரேவதி டப்பாவை நீட்டினா. “அம்மா, மியூசியத்துல குடுத்துட்டாங்க.”

கஸ்தூரி எடுத்தா. முன்பக்கத்தைப் பார்க்கவே இல்ல. திருப்பி வளையத்தை விரலால தடவினா.

“இது அது இல்ல.”

நாங்க ரெண்டு பேரும் தரையைப் பார்த்தோம்.

“நைனாவுக்கும் பொண்ணுக்கும் பொய் சொல்லக் கூடத் தெரியல. இத்தினி வருஷம் இங்க இருந்து இன்னாத்த கத்துக்கினீங்க?”

ரேவதிக்கு ஆத்திரம் வந்துது. “பொத்தானாம்மா உனக்குப் பெரிசு? நான் பெரிசு இல்லையா? நீ செத்துட்டா நான் இன்னா பண்ணுவேன்னு யோசிச்சியா?”

“ஒன்னத்தான்மே யோசிச்சிக்கினு இருக்கிறேன்.” கஸ்தூரி குரலை ஏத்தல. “அது ஒரு உசுரு கேக்குது. எங்கிட்ட வந்திருக்குது. வந்தது எங்கிட்டயே இருக்கட்டும். நான் ஆபரேஷன் பண்ணிக்கினு பொழச்சி எந்திருச்சா, அது சும்மா போவுமா? இந்த வூட்டுல அடுத்தது யாரு? சித்தப்பா சொம்பு எடுத்தாரு. அவரயா கடிச்சுது?”

ரேவதி உட்கார்ந்துட்டா. நானும்.

அவ பயந்துக்கினு ஆபரேஷன் வேணாம்னு சொல்லல. பொண்ணுக்கு முன்னாடி தான் நின்னுக்கினா. அவ்வளவு நாளா அந்த வீட்டுக்குள்ளயே இருந்தேன். எனக்குத் தெரியல.

ரேவதி அவ மடியில் தலையை வச்சா. கஸ்தூரி அவ தலையைத் தடவி, “எண்ணெயே வெக்கறது இல்லையாமே?”ன்னு கேட்டா.

7

மறுநாள் ரேவதி மியூசியத்துக்குத் தனியாப் போனா. மேடம் வர்ற வரைக்கும் வாசல்ல உட்கார்ந்திருந்தா. “குடும்பக் காரணம்”னு இந்தத் தடவை சொல்லல. பாம்பு கடிச்ச பொண்ணுல இருந்து எல்லாத்தையும் சொல்லியிருக்கா. அந்த மேடத்துக்கு என்ன புரிஞ்சுதோ, கையெழுத்துப் போட ஒத்துக்கினாங்க. ஆனா இன்ஷூரன்ஸ் காகிதம், கமிட்டிக் காகிதம், எல்லாம் வரிசையாத்தான் நகர்ந்துது. பொத்தான் கைக்கு வந்தப்ப மரத்துல இலை உதிர ஆரம்பிச்சுடுச்சு. கஸ்தூரியால நடக்க முடியல.

பீட்டர்கிட்ட நான்தான் சொன்னேன். திரும்பப் புதைக்கப் போறோம்னு. அவர் சட்டுனு எழுந்துட்டார்.

“அது மாதிரி இன்னொண்ணு கிடைக்காது. தெரியுமா உனக்கு?”

“தெரியும்.”

“மண்ணுக்குள்ள அது அரிச்சுப் போகும். நீங்க ரெண்டு பேரும் செஞ்ச வேலை எல்லாம் போகும்.”

“தெரியும்.”

ஜன்னலாண்ட போய் நின்னார். அங்க இருந்தே, “என் மண்வெட்டி பெரிசு. அதை எடுத்துக்கலாம்”னார்.

நிலத்துல அவர்தான் தோண்டினார். ஒரு முழம் போனதும் கஸ்தூரியைப் பார்த்தார். அவ இன்னும்னு கையைக் காட்டினா. இன்னொருத்தர் வூட்டுக்குப் போவக் கூடாது, மிஷினுக்குக் கேக்காத ஆழம் வேணும்னு சொன்னா. இருபது வருஷமா மண்ணுல இருந்து எடுத்துக்கினே இருந்த மனுஷன், மூச்சு வாங்கிக்கினு ஆழமாத் தோண்டினார்.

கஸ்தூரி டப்பாவைத் திறந்தா. வளையத்தைத் தடவிப் பார்த்தா. என் கையில் கொடுத்தா. நான் குழியாண்ட படுத்துக் கையை உள்ள நீட்டி வச்சேன்.

“ரேவதி, அந்தச் சிப்பாயி இங்கிலீஷ்காரரு. நான் சொல்றது புரியாது. நீ சொல்லு.”

ரேவதி குழியாண்ட முட்டி போட்டா.

“ஒம் பொருள ஒங்கிட்டயே குடுத்துட்டோம்.”

ரேவதி இங்கிலீஷ்ல சொன்னா.

“எங்க வூட்டுக்காரரு தெரியாம எடுத்துட்டாரு. நல்லவரு. நாங்க அத்த நல்லாத்தான் வெச்சிருந்தோம். தேய்க்கக் கூட இல்ல.”

சொன்னா.

“எம் பொண்ண விட்டுடு.”

ரேவதி குழிக்குள்ள குனிஞ்சா. அப்புறம் இங்கிலீஷ்ல சொன்னா. எங்க அம்மாவை விட்டுடுன்னு சொன்னா. எனக்கு அந்த அளவுக்கு இங்கிலீஷ் தெரியும். பீட்டர் முகத்தை வேலிப் பக்கம் திருப்பிக்கினார். கஸ்தூரிக்குத் தெரியல. சரின்னு தலையை ஆட்டினா. பீட்டர் மண்ணைத் தள்ளினார்.

திரும்பி வர்றப்ப கார்ல அவ தூங்கினா. பல வாரம் கழிச்சு நல்லாத் தூங்கினா.

8

அடுத்த வாரமே ஆஸ்பத்திரிக்குப் போனோம். பேனாவைக் கொடுத்தாங்க. வாங்கினா. தமிழ்ல கையெழுத்துப் போட்டா.

டாக்டர் படத்தைக் காட்டிப் பேசினார். ரொம்ப நாள் போயிடுச்சு, படத்துல எல்லாம் தெரியாது, திறந்துதான் பார்க்கணும்னார். எடுக்க முடிஞ்சா ஆறு மணி நேரம் ஆகும். பரவியிருந்தா ஒண்ணும் பண்ணாம மூடிடுவோம்னார். இலங்கை அம்மாவும் வந்திருந்தாங்க. இந்தத் தடவை ஆபரேஷன்னே சொன்னாங்க.

காலையில் தள்ளிக்கினு போனாங்க. கதவாண்ட கஸ்தூரி ரேவதியைக் கூப்பிட்டா.

“போய் ஏதாவது துன்னு. நைனாவுக்கும் வாங்கிக் குடு.”

“நீ வந்தப்புறம் துன்றேம்மா.”

“ஆறு மணி நேரம்மே. பட்டினியாவா இருப்ப?”

கதவு மூடிச்சு. ரேவதி கீழ போய் ரெண்டு ரொட்டியும் டீயும் வாங்கியாந்தா. என் பக்கத்துல உட்கார்ந்தா. டீ சூடா இருந்துது. ஊதிக்கினு இருந்தோம். அவ என் தோள்ல சாஞ்சுக்கினு, அம்மா வீட்டுக்கு வந்ததும் தானும் கொஞ்ச நாள் இங்கேயே இருக்கப் போறதா சொன்னா. நான் ரொட்டியைப் பிச்சு அவகிட்ட கொடுத்தேன்.

டாக்டர் வெளிய வந்தார். தொப்பியைக் கழட்டிக் கையில பிடிச்சிருந்தார். சுவர்ல கடிகாரம் இருந்துது. பார்த்தேன்.

நாப்பது நிமிஷம்.